ஐந்து ஓட்டும் ஒரு தட்டுப் புலாவும்

தேர்தல் நாளன்று விடிந்ததும் துர்திகுல் செய்கிற முதல் வேலை, அலமாரி மேல்தட்டில் இருக்கும் ஐந்து அடையாள அட்டைகளையும் எடுத்து, ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுதான். ஒன்று அவருடையது. மற்றவை மனைவி ஒய்ஜமால், இரண்டு மகன்கள், மருமகள் ஆகியோருடையவை. மகன்கள் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். இருந்தால் என்ன? வீட்டுத் தலைவர் போய் எல்லாருக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வருவதுதான் அந்த மஹல்லாவில், அதாவது அந்தக் குடியிருப்புப் பகுதியில், வழக்கம். கேட்டவரும் கிடையாது, தப்பென்று நினைத்தவரும் கிடையாது.

ஆனால் முந்தைய நாள் இரவு, மாவு பிசைந்துகொண்டே ஒய்ஜமால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

"ஏங்க, இந்தத் தடவை என் ஓட்டை நானே வந்து போடறேன்."

காரணம் அவருக்கும் தெரியும். சாலையை அகலப்படுத்தப் போவதாக நகர அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, முன்சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் ஒய்ஜமாலின் தந்தூர் அடுப்பு இருந்தது. அவள் சுடும் ரொட்டிக்காகவே வண்டிக்காரர்கள் அங்கே நிறுத்துவார்கள். தெருப் பெண்கள் சேர்ந்து இரண்டு முறை மனு கொடுத்துப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தவரே பெரிய கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றார். வேறு மூன்று கட்சிக்காரர்களும் நின்றார்கள். ஆனால் அவர்களும் மேடையேறிப் பெரிய கட்சியின் புகழைத்தான் பாடினார்கள். ஓட்டுச் சீட்டின் அடியில் 'எவரும் வேண்டாம்' என்று ஒரு வரி உண்டு. அதில் குறி போட வேண்டும் என்பது ஒய்ஜமாலின் ஆசை. துர்திகுல் தேநீரை உறிஞ்சியபடி, பார்க்கலாம் என்றார்.

காலையில் மஹல்லாத் தலைவர் போன் செய்தார். பத்து மணிக்குள் நம் மஹல்லா முடித்துவிட வேண்டும், மாவட்டத்திலேயே நாம்தான் முதல் என்றார். ஒய்ஜமால் அப்போது தந்தூருக்குள் தலையை நுழைத்து ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று துர்திகுல் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். யார் போட்டாலும் ஜெயிக்கப் போகிறவர்தானே ஜெயிக்கப் போகிறார்! மனைவிக்காக இவ்வளவு யோசித்த மனிதர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் மறந்துவிட்டார்.

ஓட்டுச் சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் திருவிழாக் கூட்டம். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. முதல்முறை ஓட்டுப் போட வந்த பிள்ளைகளுக்குப் பூவும் புத்தகமும் கொடுத்தார்கள். ஒரு மூலையில் மலிவு விலையில் சர்க்கரையும் எண்ணெயும் விற்றார்கள். துர்திகுல் ஐந்து கையெழுத்துப் போட்டார், ஐந்து சீட்டு வாங்கினார், ஐந்திலும் பெரிய கட்சிக்கே குறியிட்டார். கை பழக்கத்தில் தானாகப் போனது. பிறகு பந்தலில் உட்கார்ந்து, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பரிமாறிய புலாவை ஒரு பிடி பிடித்தார்.

பாதித் தட்டு காலியானபோது ஒய்ஜமால் வந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற பட்டு உடை, புதுத் தலைத்துணி. நேராக ஓட்டுப் போடும் அறைக்குள் போனவள், போன வேகத்திலேயே வெளியே வந்தாள். மேசையில் இருந்த ஆசிரியை முகர்ரம் சங்கடத்தோடு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்: அண்ணன் உங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாரே அக்கா!

அவள் நேரே பந்தலுக்கு வந்து துர்திகுலின் எதிரே நின்றாள். அவர் சமாளிப்பதற்காகத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வா, ஒரு வாய் சாப்பிடு."

"எனக்கும் சேர்த்து நீங்களே சாப்பிடுங்க. என் வயிறு ரொம்புதான்னு பாக்கறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துர்திகுலும் சிரித்து வைத்தார். அவள் சிரிக்கவில்லை.

மாலையில் முடிவைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டினார்கள். பெரிய கட்சிக்கு நேராக ஏறக்குறைய மொத்த மஹல்லாவும் இருந்தது. 'எவரும் வேண்டாம்' என்பதற்கு நேராக ஒரு பூஜ்யம்.

வசந்தம் வந்ததும் பொறியாளர் ஒருவர் ஆட்களோடும் இயந்திரத்தோடும் வந்து இறங்கினார். துர்திகுல் ஓடிப்போய் வழிமறித்தார். சுவரை வேண்டுமானால் எடுங்கள், அடுப்பு நிற்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தெருவே மனு கொடுத்திருக்கிறதே என்று கெஞ்சினார். பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"அண்ணே, மனு நாலு பேர் எழுதறதுதான். ஓட்டுல பாருங்க, உங்க மஹல்லாவுல ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா? எல்லாருக்கும் சம்மதம்னுதானே மேல நினைப்பாங்க?"

"என் பொண்டாட்டிக்குச் சம்மதம் இல்லைங்க."

"அப்ப அவங்க போட்ட ஓட்டு எங்க?"

அது துர்திகுலின் சட்டைப் பையில் அல்லவா போயிருந்தது! திரும்பிப் பார்த்தார். ஒய்ஜமால் அன்று காலை சுட்ட கடைசி ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் பெயரை இழுத்து அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் அதிகமாகச் சுட்டது. அடுப்பு இடிந்து விழுந்தபோது அவர் கண் கலங்கிவிட்டது.

அன்றே அலமாரியைத் திறந்தார். மகன்களின் அட்டைகளை அவர்கள் பெட்டியில் போட்டார். மருமகள் கையில் அவளுடையதைக் கொடுத்தார். ஒய்ஜமாலின் அட்டையை அவள் முன்னால் வைத்துவிட்டு, இனி இது என் பைக்குள் வராது என்றார். அவள் அதை மாவுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த ஆண்டு நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. மஹல்லாத் தலைவர் காலையிலேயே போன் செய்து, ஐந்தையும் சீக்கிரம் முடித்துவிடு என்றார். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றார் துர்திகுல். ஒய்ஜமாலும் மருமகளும் பட்டு உடை உடுத்தி முன்னால் போனார்கள். அவர் பின்னால் போனார்.

ஜெயிக்க வேண்டியவரே ஜெயித்தார். ஆனால் கதவில் ஒட்டிய தாளில் 'எவரும் வேண்டாம்' என்பதற்கு நேராகப் பூஜ்யம் இல்லை, ஒன்று என்று இருந்தது. தாளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மஹல்லாத் தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது யார் பண்ணின வேலை என்று கேட்டார்.

"நான்தான்," என்று ஒய்ஜமால் சொன்னாள்.

தலைவர் துர்திகுலை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல சொல்லி வைக்க மாட்டியா? ஒரே ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணும் ஆகாதுதான்," என்றார் துர்திகுல். "ஆனா நாளைக்கு யாராவது வந்து எல்லாருக்கும் சம்மதம்னு சொல்ல முடியாது இல்லையா? அடுத்தவங்க ஓட்டை நாம போட்டா, அவங்க வாயை நாம பொத்தின மாதிரி. இத்தனை வருஷம் நான் நாலு பேர் வாயைப் பொத்திட்டு இருந்தேன் தலைவரே. இனிமே அவங்கவங்க ஓட்டை அவங்கவங்களே போடட்டும்."

பந்தலில் புலாவ் ஆறிக்கொண்டிருந்தது. ஒய்ஜமால் இரண்டு தட்டுகளை எடுத்துவந்து, ஒன்றைக் கணவரிடம் கொடுத்தாள்.

"வாங்க, சாப்பிடலாம். இன்னிக்கு எனக்கும் பசிக்குது."