நீருக்குள் நூலிலை, மேலே வட்ட இலை

உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில் தங்கைக்கு வேலை. சாம்பல் வெளிச்சம் ஜன்னலோரம் தேங்கி நின்ற ஒரு பிற்பகலில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் பறித்து வந்த செடியொன்றைத் தட்டிலிருந்த தண்ணீரில் மிதக்கவிட்டாள். அது தூக்கம் கலைவதுபோல மெல்ல விரிந்தது. மேலே வட்ட இலைகள். எங்கும் காணக்கிடைக்கிற சாதாரணச் செடிதான். ஆனால் அதே தண்டின் அடியில் நூல்நூலாக இலைகள்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூலிலை அக்காவின் செடிக்கு உரியது.

முப்பது வருடங்களுக்கு முன் ஒரு பள்ளத்தாக்கின் ஓடையில் அதைக் கண்டுபிடித்து, புதிய இனமென்று பெயர் வைத்தவள் அக்கா. ஏழு வருடத்தில் அங்கே அணை வந்தது, பள்ளத்தாக்கு மூழ்கியது. செடி வேறெங்கும் அகப்படவில்லை. அழிந்துபோனவற்றின் பட்டியலில் அது ஏறிய நாளில் அக்கா சாப்பிடவில்லை. அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தங்கை மூன்று நாள் லென்ஸும் கையுமாக உட்கார்ந்து, காப்பகத் தாளில் ஒட்டியிருந்த அக்காவின் செடியோடு இதன் பூவையும் விதையையும் ஒப்பிட்டாள். இம்மி வித்தியாசமில்லை. ஓடும் நீருக்குள் நூலிலை விடுகிற செடி, தலை வெளியே வந்ததும் வட்ட இலை விடுகிறது. இரண்டும் ஒன்றே. வட்ட இலைச் செடியின் பெயர் அறுபது வருடம் மூத்தது. பெயரிடும் விதிப்படி மூத்த பெயர்தான் நிற்கும். அக்கா வைத்த பெயர் செல்லாது. அதை எழுத வேண்டியவள் தங்கை. கை வரவில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே.”

“பீடிகை போடாதே. உன் மூஞ்சியே சரியில்லை.”

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்போ நான் வெச்ச பேரு போச்சு.”

“போச்சுக்கா.”

“செடி?”

“என்ன செடி?”

“மக்கு! செடி இருக்கா இல்லையா?”

“வாய்க்கால் பூரா இருக்கு. களைன்னு புடுங்கிப் போடறாங்க.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்; கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். “இருபத்திமூணு வருஷமா நான் துக்கம் காத்துட்டு இருக்கேன். அது என்னடான்னா ஸ்டேஷனுக்குப் பின்னாடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு! கிளம்புடி.”

வாய்க்கால் நெடுக வெள்ளைப் பூக்கள். ஒரு ரயில் கடந்தபோது தண்ணீர் சிலிர்த்தது. அத்தனை பூக்களும் ஒருசேரத் தலையாட்டின. அக்கா முழங்கால்வரை இறங்கி, கண்ணை மூடி, ஒரு தண்டைப் பிடித்து விரல்களைக் கீழே கீழே நகர்த்தினாள்.

“இங்கே வட்டம்... இங்கேயும் வட்டம்...” விரல்கள் நின்றன. “ஆ. இதோ.”

மறுநாள் அவளே காப்பகத்துக்கு வந்தாள். “தள்ளு, நானே எழுதறேன்” என்று பேனாவை வாங்கி, மூத்த பெயரை ஒரு சீட்டில் எழுதித் தன் பழைய தாளில் ஒட்டினாள். பிறகு அதைத் தனி உறையிலிருந்து எடுத்து, வட்ட இலைத் தாள்கள் பிதுங்கிய தடித்த உறைக்குள் செருகினாள்.

“கொஞ்சம் நகர்ந்து இடம் குடுங்கப்பா” என்றாள் அவற்றிடம்.