ஓட்டையாரின் இருட்டு ரூம்

அவருக்கு 'ஓட்டையார்' என்று பட்டம் சூட்டியது ஊரார் அல்ல, கட்டிய மனைவிதான். காரணம் இரண்டு. டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தால் குறி ஓரிடத்தில் இருக்கும், ஓட்டை வேறிடத்தில் விழும். அடுத்தது, வாய். ஓட்டை வாய். எந்த விஷயமும் உள்ளே தங்காது.

அந்த வாயால்தான் வீடு விலை போகாமல் கிடந்தது. மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டை விற்றால் இருவரும் சேர்ந்து போகலாம். இல்லாவிட்டால் அவள் அங்கே, இவர் இங்கே. ஒருவரையொருவர் திட்டாமல் ஒரு பொழுதைக்கூடக் கழித்தறியாத தம்பதி. தனியாக உட்கார்ந்து யாரிடம் திட்டு வாங்குவது என்பதே அவர் கவலை.

விற்றுத் தர வந்த ஏஜென்ட் கெட்டிக்காரப் பெண்மணி. ஆனால் அவர் கூட்டிவந்த முதல் குடும்பத்திடமே ஓட்டையார் உண்மையைக் கொட்டிவிட்டார். "இந்த ரூம்ல ஜன்னலைத் திறந்தா ஒரே புழுதி, மூடினா கும்மிருட்டு. நாங்களே இருட்டு ரூம்னுதான் சொல்வோம்." அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான். இரண்டாவதாக வந்தவர்களிடமும் அதே பாட்டு.

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். "சார், வீட்டை நான் வித்துத் தர்றேன். நீங்க வாயை மட்டும் திறக்காதீங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யும் வேணாம், மெய்யும் வேணாம். சும்மா இருங்க."

"அதுதானே அவருக்கு வராது" என்றாள் மனைவி.

ஏஜென்ட் சொன்னபடி குடும்பப் படங்கள் சுவரை விட்டு இறங்கின. இருட்டு ரூமிலிருந்த பீரோ, டிரங்குப் பெட்டி, கால் உடைந்த நாற்காலி எல்லாம் வெளியேறின. பெயின்டர் வந்து வெள்ளை அடித்தார். "நாளைக்குக் காலையில ஒரு பார்ட்டி வர்றாங்க. வீட்டுல ஒரு ஓட்டைகூடத் தெரியக் கூடாது, எல்லாத்துலயும் பட்டி வச்சு அடைச்சிடுங்க" என்று ஓட்டையாரிடம் சொல்லிவிட்டுப் போனார் ஏஜென்ட்.

"அப்படியே உங்க வாயிலயும் கொஞ்சம் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கடைக்குக் கிளம்பினாள்.

பட்டி டப்பாவோடு அறை அறையாகத் தன் பாவங்களை மூடிக்கொண்டே வந்தார். கடைசியாக இருட்டு ரூம். பல்பைப் பெயின்டர் கழற்றியிருந்தார். பெயின்ட் வாடை பரவாமல் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னலின் மரக்கதவில் எப்போதோ தாழ்ப்பாள் மாட்டப் போய்த் தப்பான இடத்தில் போட்ட ஓட்டையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அங்கே மட்டும் வெளிச்சம் தெரிந்தது. டப்பாவை எடுக்கத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச்சுவரில் தெரு இருந்தது.

அந்த ஓட்டை வழியே வந்த வெளிச்சத்தில், தலைகீழாக, முழு வண்ணத்தில். தரையோரத்தில் நீல வானம். அதற்குள் இலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிர்வீட்டு மரம். கொடியில் காய்ந்த போர்வை மேல்நோக்கிப் படபடத்தது. வெளியே ஹாரன் அலறிய அதே நேரம் ஒரு சிவப்பு பஸ் சக்கரங்களை உயர்த்திக்கொண்டு சுவரைக் கடந்து போனது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தரையில் உட்கார்ந்தார். கூரையில் கால் பதித்து ஒரு பெண் பையோடு நடந்து வந்தாள். அந்த விடுவிடு நடையை அவருக்குத் தெரியாதா?

கதவைத் திறந்த மனைவியின் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. "இருட்டுல என்ன பண்றீங்க? கிறுக்கு பிடிச்சிருச்சா?"

"கதவைச் சாத்திட்டு இப்படி வா. பாரு."

பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இத்தனை வருஷமும் லைட்டைப் போட்டுட்டுத்தானே உள்ள வந்தோம்."

ஆமாம். தெரு தினமும் இந்த அறைக்கு வந்து பீரோவின் மேல் விழுந்து கிடந்திருக்கிறது. அவர்கள்தான் சுவிட்சைத் தட்டித் தட்டித் துரத்தியிருக்கிறார்கள். அவர் பட்டி டப்பாவை மூடிவைத்தார்.

மறுநாள் காலை வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவன் முகத்தில் எந்த ஆர்வமும் தெரியவில்லை. ஏஜென்ட் இருட்டு ரூமில் பெரிய பல்பாக மாட்டியிருந்தார். ஓட்டையைப் பார்த்ததும் ஓட்டையாரை முறைத்தார். இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கதவைச் சாத்தி லைட்டை அணைத்தார்.

"ஐயோ, சார்!" ஏஜென்டின் கை சுவிட்சைத் தேடியது.

அந்தக் கையை வந்த பெண் பிடித்துக்கொண்டாள். "போடாதீங்க."

கணவன் சுவரருகே போய் உள்ளங்கையை வைத்தான். யாரோ ஒருவரின் மஞ்சள் குடை அவன் விரல்கள் மேல் ஏறிக் கடந்து போனது.

"இதை யார் பண்ணினது?"

ஓட்டையாருக்கு ஆயுளில் முதல் முறையாக வார்த்தை வரவில்லை.

"இவர்தான்," என்றாள் மனைவி. "தாழ்ப்பாள் மாட்டப் போனார்."

அவர்களிடமே சாவியை ஒப்படைக்கிற நாளில் மூட்டை முடிச்சுகளோடு அவர் தெருவில் நின்றார். மனைவி மட்டும் இன்னும் உள்ளே இருந்தாள். சாத்திய ஜன்னலில் கடுகளவு ஓட்டைதான் தெரிந்தது.

"கையை ஆட்டுங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, மூடிய ஜன்னலைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"தெரியறீங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்க."