குழாயின் அடியில் நீலம்

நான் ஆய்வகத்தில் டெக்னீஷியன். தங்கை அங்கேயே ஆராய்ச்சியாளர். வீட்டில் என்னோடு சண்டை பிடிப்பவள் இங்கே என்னிடம் வேலை வாங்குவாள். அவள் ஆராய்வது ஒரு வெள்ளைப் பொடி. நீலச் சாயத் தண்ணீரில் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் அது சாயத்தைச் சிதைத்துவிடும். கட்டி தட்டிக் கிடக்கும் அந்தப் பொடியை மீயொலியால் உடைத்தால் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பது அவள் கட்சி. காதுக்கு எட்டாத ஒலி என்பது பேச்சுக்குத்தான். அந்தக் கருவி போடும் கீச்சலில் எனக்குப் பல் கூசும்.

சோதனைகளை நான்தான் செய்தேன். மூன்று மடங்கு வேகம் என்று வந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை தேர்வுக் குழு முன்னால் இதைச் சொன்னால் நிரந்தர வேலை. ஐந்து வருடமாக அதற்காகத்தான் மாடாய் உழைத்தாள்.

வெள்ளிக்கிழமை சோதனைக் குழாய்களைக் கழுவ உட்கார்ந்தேன். மீயொலி பட்ட பொடி அடியில் படிந்திருந்தது, நல்ல நீலமாக. எத்தனை முறை அலசியும் வெளுக்கவில்லை. சாயம் சிதைந்திருந்தால் பொடி வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? இது சிதையவில்லை, பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்த பொடிக்குப் பரப்பு அதிகம், ஒட்டுவதும் அதிகம்.

இதற்காகத்தான், விளக்கைப் போடும் முன் அரை மணி நேரம் பெட்டிக்குள் இருட்டில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். ஒட்டுவதெல்லாம் ஒட்டி முடிந்த பிறகு தண்ணீரில் சாயம் குறைவதுதான் கணக்கு. மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு எவன் உட்கார்ந்திருப்பான் என்று நான் நேரே விளக்கைப் போட்டுவிட்டேன். என் அவசர புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் நாளைக்கு வேறொருவர் செய்து பார்த்தால், பொய் சொன்னவள் என்று அவளைத்தான் சொல்வார்கள். குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை தடவை இப்படிப் பண்ணினே?”

“எல்லாத் தடவையும்.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளே எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். என்னை எதையும் தொட விடவில்லை. மூன்று மடங்கு, ஒன்றேகால் மடங்காக இறங்கியது. திங்கட்கிழமை அதையே குழுவிடம் சொன்னாள். விண்ணப்பத்தில் எழுதி அனுப்பிய மூன்று மடங்கு தவறு என்று அவளே பேச்சைத் தொடங்கினாளாம். யாருடைய தவறு என்று கேட்டார்களாம். தன்னுடையது என்றாளாம். வேலை வேறொருவருக்குப் போனது. குழுவில் இருந்த எங்கள் பேராசிரியர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அடுத்த சோதனை. குடுவையை உள்ளே வைத்துப் பெட்டியைச் சாத்தியவள், ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

“அரை மணி நேரம் உக்காருண்ணா. அப்புறம் விளக்கை நீயே போடு.”

உட்கார்ந்தேன்.