வாய்க்குப் போகும் வழி

தங்கமணிக்கு வந்த நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து, குன்னூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குள் ஒரு சிட்டிகை கோதுமை மாவுகூட நுழைந்ததில்லை. அவள் புருஷன் செல்லதுரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வந்திருந்த நோயின் பெயர் சீலியாக். கோயமுத்தூர் டாக்டர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்து வருஷம் போய்விட்டது. அந்த ஐந்து வருஷமும், சோகை பிடித்த உடம்புக்குச் சத்து என்று சொல்லி ஊரே அவளுக்குச் சப்பாத்தி போட்டது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் அவள் குடலைத் தின்றுகொண்டிருந்தது. நிறுத்திய ஒரே வருஷத்தில் முப்பத்தாறு கிலோவிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்தாள். கழுத்தெலும்பு மறைந்தது. மார்க்கெட்டுக்குப் படியேறிப் போய்த் தானே கேரட் வாங்கி வந்தாள்.

ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு ஒரு வாரத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்ததே, அந்த வருஷக் கடைசியில் எல்லாம் திரும்பி வந்தது. வயிறு உப்பியது. தின்றது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மார்கழியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏதோ ஒரு வழியில உள்ள போயிட்டே இருக்குதுங்க. சித்திரைக்குள்ள இந்த அளவு எறங்கலைன்னா மறுபடியும் குடல்ல சதை எடுத்துப் பார்க்கணும். சிலருக்கு இது வேற மாதிரி மாறிடும்."

வேற மாதிரி என்றால் என்ன என்று செல்லதுரை கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

"சாப்பாட்டுல அரிசி, ராகி தவிர ஒண்ணுமே இல்லீங்க டாக்டர்."

"அப்போ சாப்பாடு அல்லாததுல பாருங்க. தோல்ல பட்டா ஒண்ணும் ஆகாது. வாய்க்குள்ள போறது எதுன்னு பாருங்க. உதட்டுல பூசறது, பல்லு தேய்க்கறது, மாத்திரை, கையில ஒட்டறது."

அன்று ஆரம்பித்தது. செல்லதுரை தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலமெல்லாம் டப்பாக்களின் முதுகைப் படித்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பாதி இங்கிலீஷ், பாதி லத்தீன். பற்பசைக் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க பேஸ்ட் நூறு சதவீதம் வெஜிடேரியன் சார்."

"அதில்லம்மா. கோதுமை எதாச்சும் கலந்திருக்குதா?"

"கோதுமை இல்ல சார். கிராம்பு இருக்கு, உப்பு இருக்கு."

"இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"கம்ப்ளெய்ன்ட் நம்பர் தரட்டுங்களா சார்?"

ஒன்பது இலக்க நம்பர் ஒன்று கிடைத்தது. கடிதம் வரவே இல்லை. இருமல் மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எந்த மாவு என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, புது வருஷக் காலண்டர் ஒன்று வந்தது.

கைக்குப் பூசும் கிரீம் ஒன்றில் 'டிரிட்டிகம்' என்று இருந்தது. அது கோதுமையின் லத்தீன் பெயர் என்று இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்தான். பனியில் வெடித்த உதட்டுக்கும் அவள் அதையேதான் தடவிக்கொண்டிருந்தாள். பிடித்துவிட்டேன் திருடனை என்று ஓடிவந்து கிரீமைத் தூக்கி எறிந்தான். கூடவே தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய உதட்டுச்சாயமும் போயிற்று. அதன்பிறகு தேங்காயெண்ணெய்தான். உறைபனியில் அது கல்லாகிவிடும். அடுப்போரம் வைத்து உருக்கிப் பூசினாள். மூன்று வாரம் ஆகியும் வயிறு கேட்கவில்லை.

"இன்னும் என்னத்தைங்க விட்டு வெச்சிருக்கறீங்க?" என்றாள் தங்கமணி. "தாலிக்கயித்துக்கு மஞ்சப் பூசறனே, அதுல மாவு கலந்திருக்குதான்னு போய்ப் பாருங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவன் நிஜமாகவே எழுந்து போய் மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்தான்.

"ஆண்டவனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

வேலை என்றால் கவர் ஒட்டுவது. உடம்பு தேறிய வருஷத்தில், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டது. தேயிலைச் சாம்பிள் அனுப்பும் காகிதக் கவர்களுக்கு வெட்டிய தாளும் ஒரு டின் பசையும் திங்கட்கிழமைதோறும் ஆபீசிலிருந்து வரும். செல்லதுரையே தூக்கி வருவான். பசை எதில் காய்ச்சுவது என்று முதல் நாளே கேட்டிருந்தான். குச்சிக்கிழங்கு மாவு என்றான் அட்டெண்டர் வேலன். சரி, மரவள்ளிக் கிழங்குதானே என்று அதை மனதிலிருந்து அடித்துவிட்டான்.

தை பிறந்தது. அவள் நாற்பதுக்கு இறங்கியிருந்தாள். ஒருநாள் குப்பைக்கூடையில் வர்க்கிப் பொட்டலம் கட்டிய எண்ணெய்க் காகிதம் கிடந்தது. குன்னூரில் எந்த டீக்கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பாட்டிலில் பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பான வர்க்கிதான் அடுக்கியிருக்கும். அத்தனையும் மைதா, அதாவது கோதுமை. செல்லதுரைக்கு ஒன்றரை மாத அலைச்சலும் ஒரே நேரத்தில் தலைக்கு ஏறியது.

"நெசத்தைச் சொல்லு புள்ள. எனக்குத் தெரியாம வர்க்கி திங்கறயா?"

கவர் மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"பக்கத்தூட்டு மருதாம்பாக்கா இங்க உக்காந்து தின்னுச்சு. நான் பாத்துட்டு இருந்தேன்."

"பாத்துட்டு மட்டுமா இருந்தே?"

அவள் அடுத்த தாளை எடுத்து மடித்தாள். அதன்பிறகு இரண்டு வாரம், சோறு ஆச்சு, தண்ணி காஞ்சிருச்சு, இவ்வளவுதான் பேச்சு.

தை முடிகிற சமயம். திங்கட்கிழமை பசை டின் வாங்க ஸ்டோர் ரூமுக்குப் போனான். வேலன் ஸ்டவ்வில் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாய் பிரிந்த மளிகைக்கடைப் பை ஒன்று.

"வேலா, அது என்ன?"

"மைதாங்க சார்."

"குச்சிக்கிழங்கு மாவு எங்கே?"

"அது ரோடு அடைச்சப்பவே நின்னு போச்சுங்க சார். மூட்டை மேல ஏறி வரல. கடையில மைதாதான் கெடச்சுச்சு. இதுதான் கெட்டியாப் புடிக்குது, இதையே வாங்குன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

வேலன் கரண்டியோடு திகைத்து நின்றான்.

"பசையில சொல்றதுக்கு என்னங்க சார் இருக்கு?"

அவனை அடிக்கலாம்போல இருந்தது. எதற்காக அடிப்பது? கேட்டவன் ஒரு தடவைதான் கேட்டான்.

செல்லதுரை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். கதவு திறந்திருந்தது. போன வாரத்துப் பசையை வைத்துக்கொண்டு அவள் வேலையில் இருந்தாள். தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் பிரித்தாள். அதே விரலால் பசையை வழித்து இழுத்தாள். மடித்தாள். மறுபடி நாக்கு. மறுபடி தாள்.

நூறு தடவை பார்த்ததுதான். ஆபீசில் அத்தனை பேரும் அப்படித்தான் தாள் புரட்டுவார்கள். காலையில் அவனும் ரிஜிஸ்டரை அப்படித்தான் புரட்டினான்.

"தங்கமணி, கையை எடு."

"ஏனுங்க? என்னாச்சு?"

சொன்னான். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"என்ற உதட்டுச்சாயத்தை எறிஞ்சீங்க. மஞ்சளை மோந்து பாத்தீங்க. என்னையத் திருடியாட்டம் பாத்தீங்க. வாராவாரம் டின்னுல நீங்களே கொண்டாந்து குடுத்துப்போட்டு!"

"தெரியலையே புள்ள."

"எனக்கும்தான் தெரியல. நான் உங்களைக் கேட்டனா, எனக்குத் தெரியாம எதாச்சும் கலக்கறீங்களான்னு?"

செல்லதுரை டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

சித்திரையில் கோயமுத்தூர் போனார்கள். அளவு பாதிக்குக் கீழே வந்திருந்தது. சதை எடுக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். இரண்டு கிலோவும் ஏறியிருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தெரிந்ததுபோலச் சிரித்தார்.

"ஏனம்மா, நடுவுல ஆசைப்பட்டு எதாவது தின்னுட்டீங்களா? பரவால்ல, சொல்லுங்க. எல்லாரும் பண்றதுதான்."

தங்கமணி தலையைக் குனிந்தாள்.

"இல்லீங்க டாக்டர்," என்றான் செல்லதுரை. குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. "அவ ஒண்ணுமே திங்கலீங்க. நாந்தான் ஊட்டுக்குக் கொண்டுவந்து குடுத்தனுங்க. அவ மேலயே பழியும் போட்டனுங்க."

டாக்டருக்குப் பாதிதான் விளங்கியது. தங்கமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வெளியே வரும்போது, ரிப்போர்ட் பையை அவன் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

கீழே மருந்துக்கடையில், டாக்டர் எழுதியிருந்த புது இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்தார்கள். செல்லதுரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏனுங்க, இதுல சேர்த்திருக்கிற ஸ்டார்ச்சு எந்த மாவுங்க? மக்காச்சோளமா, கோதுமையா?"

"மாத்திரையில என்ன மாவுங்க?" என்றான் கடைக்காரப் பையன். "ரொட்டியா சுடப் போறீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "நகருங்க சார், பஸ்சுக்கு நேரமாச்சு," என்று ஒருவர் முதுகில் இடித்தார். அவனுக்குக் காது சுட்டது. பணத்தை நீட்டிவிட்டு நகரலாம் என்று சட்டைப்பையில் கை விட்டான்.

தங்கமணி அந்தக் கையைப் பிடித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளாகவே பேசினாள்.

"வெவரமாக் கேளுங்க. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. அடுத்த பஸ்சுல போலாம்."