கதவோரத்து மேசை

என் தங்கை புருஷன் தீயணைப்புத் துறையில் கட்டடங்களைச் சோதிக்கிற அதிகாரி. எங்கே போனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவார். தன் கல்யாணத்திலேயே, "அவசரத்துக்கு வெளிய போற வழி எங்க இருக்கு?" என்று கேட்ட மனுஷன். மாப்பிள்ளை ஓடப் பார்க்கிறாரோ என்று எங்கள் சித்தப்பா பயந்தே போனார்.

அவரிடமே என் சாப்பாட்டுக் கடைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால், என் தலையெழுத்தை என்ன சொல்ல! அடுத்தவர் அடுப்படியிலேயே வெந்து வெந்து கடைசியில் எனக்கென்று அமைந்த கடை. மாடியில் பெரிய கூடம். வெள்ளிக்கிழமை திறப்பு என்று ஊரையே அழைத்திருந்தேன்.

சொந்தக்காரர்தானே, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ கூடவே இன்னோர் அதிகாரியையும் அழைத்து வந்தார். பின்படிக்கட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்து நின்றார்.

"இது என்னக்கா?"

"திருட்டு பயம் தம்பி. சாவி பத்திரமா என் இடுப்புலதான் இருக்கு."

"கூடம் முழுக்கப் புகை வந்தா உங்க இடுப்ப எங்க போய்த் தேடுறது?"

கூட வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்தால் படியெல்லாம் மூட்டைகள். அபாய மணியை அடித்துப் பார்த்தார். சமையலறை விசிறியின் இரைச்சலில் அங்கே இருந்தவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. சான்றிதழ் இல்லை என்றார்.

"தம்பி, மானம் போயிடும்!"

"உயிர் போச்சுன்னா நான் யாருக்குக்கா பதில் சொல்றது?"

"நீங்களும் ஒரு சொந்தமா!" என்று கத்தினேன். தங்கைக்குப் போன் போட்டு அவளையும் ஒரு பிடி பிடித்தேன். "வீட்டுலயும் அப்படித்தான்க்கா. நான் அடுப்ப அணைச்சாலும் ஒருதரம் எட்டிப் பாத்துட்டுத்தான் படுப்பாரு" என்று அவள் சிரித்தாள்.

திறப்பு தள்ளிப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லி அசடு வழிந்தேன். அவரைத் திட்டிக்கொண்டே மூட்டைகளை இறக்கினேன். உள்ளிருந்து தள்ளினால் சட்டென்று திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு போட்டோம். சமையலறைக்குத் தனி மணியும் சிவப்பு விளக்கும் வந்தன. மறுபடி வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் மணியை அழுத்தினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகப் பின்படி வழியே தெருவுக்கு வந்து நின்றேன். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனாலும் என் கோபம் முழுசாகப் போகவில்லை.

திறப்பன்று கூடம் நிறைந்துவிட்டது. தங்கை கைக்குழந்தையோடு வந்தாள், பின்னாலேயே அவர். வாசலை ஒட்டிய மேசையைக் காட்டி, "வாங்க அதிகாரி ஐயா, உங்களுக்குன்னே பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"அத வேற யாருக்காவது குடுங்கக்கா."

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடைக்கோடி மூலைக்குப் போனார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை வாயைப் பிளந்தாள். "இவர் இப்படி உக்காந்து இன்னைக்குத்தான்க்கா பாக்குறேன்!"

குழந்தை அவர் தோளிலேயே தூங்கிப்போனது. நானே கரண்டியோடு அவர் மேசைக்குப் போனேன். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றேன்.

"வைங்கக்கா. என்ன அவசரம், மெதுவாவே போறோம்" என்றார்.