உப்பு பார்க்க ஒரு ஆள்

நோன்பின் முதல் நாள். மணி இரண்டே முக்காலுக்குப் பள்ளிவாசல் சமையல்கூடத்திலிருந்து சேக் மைதீன் பாய் போன் செய்தார்.

"தங்கச்சி, கஞ்சி களியாப் போச்சு. கரண்டி நட்டமா நிக்கி. சீக்கிரம் வா."

வண்டிச் சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன்.

வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பது என் வேலை. எனக்கு விட்டிருக்கும் இரண்டு தெருவில் முந்நூற்றுப் பத்துப் பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆறு மாதம் அலைந்து ஜமாஅத்தையும், குதிரைவாலி விளைவிக்கும் திருவேங்கடம் உழவர் குழுவையும், எங்கள் டாக்டரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தேன். முடிவானவை இரண்டு. நோன்புக் கஞ்சியில் பச்சரிசிக்குப் பதில் குதிரைவாலி. உப்பு பன்னிரண்டு கை போட்ட இடத்தில் எட்டு. ஜமாஅத் தலைவர் அப்துல் ஜப்பார் ஒரு நிபந்தனை வைத்தார்: "முதல் நாளே சனம் முகம் சுளிச்சா, மறுநாள் அரிசிக்கு மாறிருவேன். நோன்பாளி வயித்துல வச்சுப் பரிசோதனை பண்ணக் கூடாதும்மா."

அந்த முதல் நாள்தான் இது.

பாய், அரிசி போடும் நேரத்துக்கே குதிரைவாலியையும் போட்டிருக்கிறார். அது அரை மணியில் வெந்து, மீதி நேரமெல்லாம் கரைந்திருக்கிறது.

"இது தானியமா, பசையா? சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

ஏழு குடம் வெந்நீர் ஊற்றிக் கிண்டிய பிறகு கஞ்சி இளகியது. இளகியதும் அடுத்த கவலை வந்தது. இத்தனை தண்ணீருக்கு எட்டுக் கை உப்பு எந்த மூலைக்கு?

"ருசி பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூடத்தில் ஆறு பேரும் நோன்பு. பாய் முப்பது வருடமாகக் கைக்கணக்கில் மட்டுமே உப்புப் போடுகிறவர்.

"நாக்கு நுனியில வச்சுத் துப்பிரலாம்னு சொல்லுதாங்க. நமக்கு மனசு ஒப்பாது. உனக்கு நோன்பு இல்லியே, நீ பாரு."

குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்காரருக்குப் பிரஷர் வந்ததிலிருந்து நாலு வருடமாக எங்கள் வீட்டில் பாதி உப்புதான். என் நாக்கை நம்பி அறுநூறு பேர் நோன்பு திறப்பதா? டாக்டருக்குப் போன் அடித்தேன். குற்றாலத்தில் முகாமில் இருந்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

மணி மூன்றே முக்கால். நாலரைக்கு வரிசை தொடங்கும். வெளியே தூக்குவாளிச் சத்தம் இப்போதே கேட்டது.

வாசலுக்கும் அண்டாவுக்கும் நடந்து கொண்டிருந்தபோது எதிரே பூ விற்கும் பிச்சம்மாள் கண்ணில் பட்டாள். ஊறுகாய் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவள். மாதாமாதம் பிரஷர் பார்த்துவிட்டு நான் திட்டுவது அவளைத்தான்.

"யக்கா, உள்ள வந்து ஒரு வாய் கஞ்சி குடிங்க."

"எதுக்குட்டி உமா?"

"உப்பு பாக்கணும்."

"உப்பத் தொட்டா கை கால் இழுத்துக்கிடும்னு சொன்ன மகராசி நீதானா?" சிரித்துக்கொண்டே குடித்தாள். முகம் கோணியது. "சப்புன்னு இருக்கு. ஆஸ்பத்திரிக் கஞ்சிய எவன் குடிப்பான்?"

பாயின் கை உப்புச் சட்டிக்குள் போய் நின்றது. "என்ன செய்ய?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஒண்ணு போடுங்க."

பிச்சம்மாள் தலையாட்டவில்லை. இன்னொன்று. "ம்ஹும்." மூன்றாவது கை விழுந்தது.

"இப்பம் கஞ்சி. இன்னொரு கை விழுந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

சட்டியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

நாலரையிலிருந்து ஆறு வரை வாளி வாளியாகப் போயிற்று. யார் முகத்தைப் பார்த்தும் பிரயோசனமில்லை. பாங்கு சொல்லும்வரை ஒருவரும் வாயில் வைக்கப் போவதில்லை. வீட்டுக்குப் போக மனம் வராமல் தெருவை மூன்று தடவை நடந்தேன். பாங்கு கேட்டது. மூடிய கடைப் படியில் போனும் கையுமாக உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குத் தலைவர் கூப்பிட்டார்.

"நாலு வீட்டுல கேட்டுட்டேன். சலீம் மட்டும் அரிசி மாதிரி வராதுங்கான். அவன் பொண்டாட்டி பிரியாணியவே குறை சொல்லுதவன். மாசம் பூரா ஓடட்டும்மா. எட்டுக் கை உப்புன்னு தெரியவே இல்ல. டாக்டருக்கு அப்படியே எழுதிருதேன்."

ஆமாம் என்றால் முடிந்தது. டாக்டரும் மகிழ்வார், அடுத்த பள்ளிவாசலும் கேட்கும்.

"எட்டு இல்ல அண்ணாச்சி. பதினொண்ணு. நான்தான் போடச் சொன்னேன்."



"அப்பம் எட்டுன்னு பேசுனது?"

"இன்னைக்கு எட்டுல நிறுத்தியிருந்தா நாளைக்கு அரிசி வந்திருக்கும். பதினொண்ணுன்னே எழுதுங்க. டாக்டர்கிட்ட காலையில நானே சொல்லுதேன். வாரத்துக்கு ஒரு கை வீதம் குறைச்சு, பெருநாளைக்குள்ள எட்டுக்கு வந்திருவோம்."

"குறைக்கது சனத்துக்குத் தெரிஞ்சா?"

"தெரியுதா இல்லியான்னு முன்கூட்டியே குடிச்சுப் பாத்துச் சொல்ல ஆள் இருக்கு."

போனை வைத்ததும் பிச்சம்மாளுக்கு அடித்தேன். மாதம் முழுக்கத் தினமும் மூன்றரைக்கு வர வேண்டும், ஒரு வாய்க்கு மேல் கூடாது, மாத்திரை தப்பக் கூடாது என்றேன்.

"தினமுமா? நான் அங்கன வந்து நின்னா இங்கன பூவ யாரு கட்டுவா?"

"நான் கட்டுதேன்."

"ஒனக்குக் கட்டத் தெரியுமாட்டி?"

தெரியாது.