சாந்தோமா, மந்தைவெளியா?

வேதாந்தம் மாமாவுக்குச் சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. மருந்து ஏற்றியும் பிரஷர் தரையில் கிடந்தது, மூச்சு இரைத்தது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்ப்பதா, பொறுப்பதா என்று ஐ.சி.யூ. டாக்டரான நான்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால், குழாய்க்காகக் கொடுக்கும் மயக்க மருந்திலேயே இருக்கிற பிரஷரும் விழலாம். தாமதித்தால் மூச்சு ஓய்ந்துவிடும். புத்தகம் எழுதிய மகானுபாவர்கள் இந்த இடம் வந்ததும் "சூழலைப் பொறுத்து" என்று நழுவிவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம்.

அந்த நிலையிலும் மனுஷர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் மகள் வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் வழக்கு.

"மெட்ரோக்காரன் தோண்டிப் போட்டிருக்கான். மந்தைவெளி வழியா எவன் போவான்? சாந்தோம்தான்!"

"ஏன்னா, சாந்தோம் சுத்து வழி!" என்றார் சூடாமணி மாமி.

பார்வை நேரம் முடிந்ததென்று மாமியை வெளியே அனுப்ப நர்ஸ் ஆரோக்கியமேரி வந்தார். நான் தடுத்தேன்.

"மாமி, இங்கேயே இருங்க. சண்டையை விடாதீங்க. பேச்சுல ஏதாவது மாறினா உடனே கூப்பிடுங்க."

"சண்டைக்குத் தனியா சொல்லணுமா டாக்டர்?"

குழாய்க்கு வேண்டியதையெல்லாம் கட்டிலருகே எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து நோயாளிமேல் கண்ணும் இங்கே காதுமாக இருந்தேன். திடீரென்று மாமி அலறினார்.

"ரூபீனா டாக்டர்! ஓடி வாங்கோ! மந்தைவெளி வழியாவே போலாம்னுட்டார்!"

மானிட்டரில் எண்கள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தன. அதை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் பொறுத்திருப்பேன்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதுக்கு ஒரு தடவைகூட சரின்னதில்லை" என்று மாமி அழுதார்.

மாமாவின் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. பிரஷரைத் தூக்கும் மருந்தைக் கூட்டிவிட்டுக் குழாயைப் போட்டேன்.

கிருமி அடங்கிக் குழாயை எடுத்த அன்று, மாமி கட்டிலை ஒட்டியே நின்றார். மாமா கரகரத்தார்.

"சாந்தோம்... வழிதான்."

மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமான்னா. சாந்தோம் வழியாவே போலாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மாமாவின் முகம் வெளிறியது. என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டர், இவளுக்கு என்னமோ ஆயிடுத்து! முதல்ல பிரஷரைப் பாருங்கோ!"